ஈட்டியும் சீசமும்

ஆங்கிலத்தில் ரோஸ்வுட் என வழங்கும் மரத்திற்கும் ரோஜாச் செடிக்கும் உறவேதும் இல்லை. அறுக்கும்போது எழும் நறுமணமே அப்பெயருக்குக் காரணம். தமிழில் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் கூறுவது இதனையே. பம்பாய் வணிகர் நிறத்தை நோக்கி 'பிளாக்வுட்' என்றனர். வடநாட்டில் இதற்குச் சீசம் என்றும் பெயருண்டு. தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. இமயத்தின் அடிவாரத்து ஆற்றங்கரைகளில் வளரும் வேறொரு மரமும் அங்கே சீசமேயாகும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, ஏடுகளில் இச்சொல்லைக் கண்டால் பேனா சற்றுத் தயங்கும்.

1793 முதல் கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளராய் இருந்த வில்லியம் ராக்ஸ்பர்க், இவ்விரண்டையும் டால்பெர்ஜியா லாட்டிபோலியா, டால்பெர்ஜியா சிஸ்ஸூ எனத் தனித்தனியே வகுத்தார். நூலில் பிரிந்தவை கடைத்தெருவில் பிரியவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் பம்பாய்த் தச்சர்கள் ஈட்டியில் இலையும் கொடியுமாகச் செதுக்கிய நாற்காலிகள் ஐரோப்பியரின் மாளிகைகளை அடைந்தன. மைசூரில் ஈட்டியில் தந்தம் பதித்தனர். 1912-இல் கட்டி முடிந்த அரண்மனையின் கதவுகளில் அவ்வேலையைக் காணலாம். சஹாரன்பூர்ச் சிற்பிகளின் உளிக்கு வாய்த்ததோ ஆற்றங்கரைச் சீசம்.

இவற்றைப் பிரித்தறிவது எங்ஙனம்? ஈட்டியின் வயிரம் ஊதா கலந்த பழுப்பு. அதனூடே கரிய கோடுகள் ஓடும். சீசத்தின் வயிரம் பொன்னிறம் கலந்த பழுப்பு. ஈட்டியே பொதுவாகக் கனத்தது. நன்கு உலர்ந்தபின் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 850 கிலோ நிற்கும். ஆயினும் மெருகேறிப் பழகிய பலகையில் நிறத்தை நம்புதல் தகாது. மேசையின் அடிப்புறத்தில், கண்ணில் படாத மூலையில் சிறிது இழைத்துப் பார்ப்பதே தச்சர் வழக்கம். ஈட்டியை இழைப்பதும் எளிதன்று. இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். நுண்குழாய்களில் படியும் சுண்ணம் இழைப்புளியின் வாயை மழுக்கிவிடும். பொறுமையுடன் மெல்ல உலர்த்துவோர்க்கு நிறம் மேலும் ஆழ்ந்து வரும்.

தோற்ற ஒற்றுமை பின்னர் வழக்காக வளர்ந்தது. அருகிவரும் உயிரினங்களின் வாணிபம் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தம், 2017-இல் டால்பெர்ஜியாப் பேரினம் முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. காட்டில் அருகிய ஈட்டிக்கு அக்காவல் வேண்டுவதே. தோட்டங்களிலும் வயலோரங்களிலும் நட்டு வளர்க்கும் சீசமும் உடன் அகப்பட, கைவினைஞரின் ஏற்றுமதி தளர்ந்தது. சீசத்தை விலக்குமாறு இந்தியாவும் அண்டை நாடுகளும் 2019-இல் கேட்டது ஏற்கப்படவில்லை. அறுத்த பலகையில் இனங்களைப் பிரித்தறிவது அரிது என்பதே தடையாயிற்று. 2022-இல் பனாமாவில் கூடிய மாநாட்டில், ஒவ்வொன்றும் 10 கிலோவுக்குக் குறைந்த சீசப் பொருள்களுக்கு ஒப்பந்த அனுமதி வேண்டா என முடிவாயிற்று. பெட்டியும் சட்டமும் கடல் கடந்தன. கட்டிலுக்கு அச்சலுகை கிட்டவில்லை.