'தொகு' என்னும் ஏவல்

அறிவியலைத் தமிழில் படிக்க இயலும் எனக் காட்டியது, கோவையில் ஜி. ஆர். தாமோதரன் தொடங்கிய 'கலைக்கதிர்'. கணினித் திரையிலும் தமிழ்வழியே எழுதித் திருத்த, கட்டளைகளும் தமிழாக வேண்டியிருந்தது. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தோன்றியபின், அதன் பக்கங்களை ஆளும் மீடியாவிக்கி மென்பொருளின் சொற்களைத் தமிழாக்குவதில் முன்னின்றவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன்.

'எடிட்' என்பதற்கு அங்கே நிலைத்த சொல் 'தொகு'. எட்டுத்தொகை கண்ட மொழிக்கு அது புதிதன்று. ஆயினும் தொகுத்தல் சேர்ப்பது; திருத்தல் மாற்றுவது. இரண்டையும் ஒரு சொல் தாங்குமோ? 'ங்க' சேர்த்தே ஏவும் கொங்கு நாட்டார் செவிக்கு அவ்வேவல் சற்றுக் கடுமைதான். வேற்றுமை உருபுகள் தந்த தொல்லை தனி: வரப்போகும் பெயரை அறியாத மென்பொருள் 'ஆல்' என்பதை எங்ஙனம் புணர்த்தும்?

2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி, கல்லூரி மாணவர்க்கு விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி நடந்தது. வந்த கட்டுரைகளைச் சேர்க்கவும் திருத்தவும் அமர்ந்தோர்க்கு 'தொகு' இரு பொருளிலும் உழைத்தது.