எல்லிஸ் அடுக்கிய பத்திகளும் கணினி தரும் சதவீதமும்

இராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோயில் கிணற்றுக்காக அன்றைய சென்னைக் கலெக்டர் எல்லிஸ் துரை வெட்டுவித்த 1818ஆம் ஆண்டுக் கல்வெட்டைத் தமிழன்பர் பலர் அறிவர். அதற்கு இரண்டாண்டு முன்பே அவர் சென்னையில் செய்து முடித்த பெரும்பணியை நாம் அந்த அளவுக்குப் பேசுவதில்லை. கேம்பல் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முகப்பில் 1816இல் எல்லிஸ் ஒரு குறிப்பு சேர்த்தார். தமிழ், தெலுங்கு, கன்னட வேர்ச்சொற்கள் அதில் பத்தி பத்தியாக எதிரெதிரே நிற்கின்றன. இவை வடமொழியில் பிறந்தவை அல்ல, தமக்குள் ஒரு குடும்பம் என்பதை அந்த வரிசையே மெய்ப்பித்தது. தெலுங்கு வேர்களைத் தொகுத்தவர் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி ஆசிரியர் பட்டாபிராம சாஸ்திரி. திராவிட மொழிகளை ஒப்பிட்ட கால்டுவெல்லின் நூல் வெளிவந்ததோ 1856இல்தான்.

எல்லிஸ் கையால் அடுக்கியதை இன்று கணினி நொடியில் அடுக்குகிறது. மொழிக் கணக்கெடுப்புக்கென்றே எழுதப்பட்ட முன்னோடி மென்பொருள்களில் ஒன்று ‘வேர்டுசர்வ்’. ஜான் விம்பிஷ் உருவாக்கிய அதன் கையேடு 1989இல் வந்தது. ஆய்வாளர் ஊர் ஊராகப் போய் ஒரே சொற்பட்டியலைக் கேட்டு, ஒலிப்பெழுத்தில் குறித்து வந்து உள்ளிடுவார். எந்த ஊர்ப் பேச்சு எதனோடு எத்தனை விழுக்காடு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் அட்டவணை போட்டுத் தரும். ஒப்புமை அறுபது விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் வேறு மொழி என்று கொள்வது கணக்கெடுப்பாளர் வழக்கம்.

இந்த விழுக்காட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. தமிழில் பல், பால், பாம்பு, பத்து. கன்னடத்தில் ஹல்லு, ஹாலு, ஹாவு, ஹத்து. ஒலியை மட்டும் ஒப்பிடும் கருவிக்கு முதல் ஒலியே வேறு. ஒப்புமை குறைவு என்று எழுதிவிடும். நான்கிலும் பகரம் தவறாமல் ஹகரமாகியிருப்பதைப் பார்ப்பவருக்கோ, அந்த வேறுபாடே உறவின் சான்று. எதிர்ப்புறமும் உண்டு. தமிழிலும் ‘சாவி’, மராத்தியிலும் ‘சாவி’. கருவி முழு மதிப்பெண் போடும். ஆனால் இரண்டுமே போர்த்துக்கீசியரிடம் வாங்கிய சொற்கள். உறவுக்கு அங்கே இடமே இல்லை. எது இனச்சொல், எது கடன் என்று தீர்ப்பது படித்த மனிதரின் வேலை. 2018இல் திராவிட மொழிகள் இருபதை, மொழிக்கு நூறு சொல் வீதம், ‘பீஸ்ட்’ என்ற குடிவழி ஆய்வு மென்பொருளில் இட்டு ஆராய்ந்தவர்கள் இதை உணர்ந்திருந்தார்கள். இனச்சொல் தீர்ப்பை அறிஞர்களிடம் விட்டார்கள். கிளைகள் பிரிந்த முறையையும் காலத்தையும் கணிப்பதை மட்டும் கணினிக்கு விட்டார்கள். இந்தக் குடும்பத்தின் அகவை ஏறத்தாழ 4,500 ஆண்டு என்பது அவர்கள் கண்ட விடை. அந்த வேலைப் பங்கீடுதான் சரியானது.

காதுக்கும் கருவி துணை நிற்கும். மொழியியலாளர் எமனோ 1930களில் நீலகிரியில் தங்கித் தோடர் மொழியைக் காதால் கேட்டே எழுதினார். அம்மொழியில் நாக்கு அதிரும் ரகர ஒலிகள் மூன்று இடங்களில் பிறப்பதையும், ஒவ்வொன்றும் இருவகைப்படுவதையும், ஆக ஆறு என்பதையும் 1996இல் ஸ்பாயிச், லடிஃபோகிட், பெரி பாஸ்கரராவ் மூவரும் கருவிகளால் அளந்து காட்டினர். அன்று ஆய்வுக்கூடம் வேண்டியிருந்த ஒலி அலைப் படம் இன்று ‘ப்ராட்’ என்ற இலவச மென்பொருளில் எந்த மாணவர் மடிக்கணினியிலும் விரியும். ‘ஈலான்’ என்ற மென்பொருள் ஒலிப்பதிவையும் எழுத்துப்பெயர்ப்பையும் நேரக்கோட்டில் இணைத்து வைக்கும்.

கருவிக்குப் பஞ்சமில்லை, களத்துக்குப் போவோர்தாம் குறைவு. கிரியர்சனின் இந்திய மொழிக் கணக்கெடுப்பு சென்னை மாகாணத்தை நேரடி ஆய்வுக்குள் கொண்டுவரவேயில்லை. அந்தக் குறையை நம் தெருவிலிருந்தே தீர்க்கத் தொடங்கலாம். மயிலாப்பூர் நொச்சிக்குப்பத்திலும் அடையாற்றை அடுத்த ஊரூர்க் குப்பத்திலும் காற்றுக்குத் திசைக்கொரு பெயர்: வாடை, கச்சான் என்று நீளும். மொழிகளை ஒப்பிட மொழியியலாளர் ஸ்வதேஷ் வகுத்த இருநூறு சொல் பட்டியலிலோ காற்றுக்கு ஒரே இடம். அந்தப் பட்டியலோடு மட்டும் கடற்கரைக்குப் போனால் அறிவின் பெரும்பகுதியை மணலிலேயே விட்டுவிட்டு வருவோம். தியாகராய நகர்க் கடைத்தெருவில் வேலைக்கு வந்தவர்கள் பேசும் வடபுல மொழிகளும் பதிவுக்குக் காத்திருக்கின்றன.

மயிலை, தி.நகர், அடையாறு வட்டாரக் கல்லூரிகளின் மொழித்துறைகளுக்கு என் வேண்டுகோள் இது: ஆண்டுக்கு ஒரு குப்பத்தையோ ஒரு தெருவையோ எடுத்துக்கொள்ளுங்கள். பேசுவோரின் ஒப்புதல் பெற்றுப் பதிவு செய்யுங்கள். நாள், இடம், பேசியவர் வயது ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். ஒருங்குறியில் மட்டுமே தட்டச்சிடுங்கள்; பழைய தனி எழுத்துருக்களில் உள்ளிட்ட குறிப்புகளை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் படிக்கவே முடிவதில்லை. பதிவின் ஒரு படியைத் தரமணி ரோஜா முத்தையா நூலகம் போன்ற பொது ஆவணகம் ஒன்றில் ஒப்படைக்க இப்போதே பேசி வையுங்கள். இன்னொரு படியைப் பேசித் தந்தவர்களிடமே கொடுங்கள்.