சிறுநீரகம் மாற்றிய பெண்களும் எச்.பி.வி.யும்: ஒரு விகிதத்தைப் பொருத்திப் பார்ப்பது பற்றி

சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்ற பெண்ணுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குதான், ஆகவே தனிப் பரிசோதனை ஏற்பாடு அவசரமில்லை என வாதிடுவோர் உண்டு. அவர்கள் நம்பியிருப்பது, குருலிக்கும் சக ஆய்வாளர்களும் 2007இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட தொகுப்பாய்வை. அதன் எண்ணில் எனக்கு ஐயமில்லை. அதை அப்படியே கன்னியாகுமரி மாவட்டத்து மண்டைக்காட்டில் சிறுநீரகம் மாற்றிய பெண்ணுக்குப் பொருத்துவதையே மறுக்கிறேன்.

அதே ஆய்வில், உறுப்பு மாற்றியவர்களுக்குக் கருப்பைவாயில் 2.13 மடங்கு, ஆசனவாயில் 4.85, யோனியிலும் பெண்குறியின் புறப்பகுதியிலும் 22.76. இவை மூன்றிலும் எச்.பி.வி. எனும் மனித பாப்பிலோமா வைரஸுக்குப் பங்குண்டு. பிறகு ஏன் இத்தனை இடைவெளி? தரவு தந்தவை செல்வ நாடுகள். அங்கே கருப்பைவாய்க்கு மட்டுமே ஒழுங்கான முன்பரிசோதனை உண்டு. பரிசோதனை எல்லாப் பெண்களுக்கும் சமமாகப் பயன்பட்டிருந்தால் விகிதம் மாறாது என்பது நியாயமான தடை. ஆனால் உறுப்பு மாற்றியவர் அடிக்கடி மருத்துவர் கண்ணில் படுபவர். புற்றுக்கு முந்தைய மாற்றம் அவரிடம் சீக்கிரம் பிடிபடும். ஆகவே 2.13 என்பது கண்காணிப்புக்குப் பிறகு எஞ்சிய அபாயம் என்று கொள்வதே பொருத்தம். திசுக்களின் இயல்பு வேறுபாட்டுக்கும் பங்கிருக்கலாம். அது மட்டுமே காரணமென்று எனக்குத் தோன்றவில்லை. அரிய நோய் என்பதால் 22.76 ஊதிப்போனது என்பதை ஏற்க முடியாது. அரிதாக இருப்பது கணிப்பின் உறுதியைக் குறைக்கும், விகிதத்தைத் தானாக உயர்த்தாது.

தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் ஒருமுறையேனும் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21). திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து 2005இல் வெளியான ஆய்வு, 16.9 சதவீதப் பெண்களிடம் எச்.பி.வி.யைக் கண்டது. பல நாடுகளில் வயது ஏற ஏறக் குறையும் தொற்று, அங்கே எல்லா வயதிலும் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றது. நாற்பது வயதில் சிறுநீரகம் பெறுபவர் வைரஸை ஏற்கெனவே சுமந்திருக்கலாம். மாற்றிய உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்கத் தரப்படும் டாக்ரோலிமஸும் மைக்கோபினோலேட்டும், அதை அடக்கிவைத்த டி-அணுக்களைத் தளர்த்திவிடும். "கணவர் ஒருவரோடு மட்டும் வாழ்ந்தவர்" என்ற சமாதானம் இங்கே உதவாது; வைரஸ் கணவர் வழியாகவும் வந்திருக்கலாம். மண்டைக்காட்டுக்குப் பக்கத்து மணவாளக்குறிச்சியின் கதிர்வீச்சுள்ள மோனசைட் மணலைக் காரணம் காட்டுவதும் அப்படியே. அதே போன்ற மணல் கொண்ட கேரளத்துக் கருநாகப்பள்ளியில் நீண்டகாலம் நடந்த ஆய்வில் கதிர்வீச்சால் புற்றுநோய் மிகுந்ததாகத் தெரியவில்லை.

மறுபரிசோதனை நாளில் காலை மாத்திரையைப் போடாமல் வந்து இரத்தம் கொடுக்கிறார் அந்த மண்டைக்காட்டுப் பெண். டாக்ரோலிமஸ் அளவு, கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் எல்லாம் பார்த்தாகிறது. வெள்ளைப்படுகிறதா, உறவுக்குப் பின் இரத்தம் கசிகிறதா என்ற கேள்விக்கு அந்தச் சீட்டில் இடமில்லை. கருப்பைவாயில் அசெட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் முறையும் மாதவிடாய் நின்றவர்களுக்குப் போதாது. பார்க்கவேண்டிய பகுதி உள்ளே போய்விடுகிறது. எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனைக்கு அந்தப் பெண்ணே மாதிரி எடுத்துத் தரலாம். மாற்று சிகிச்சைக்கு முந்தைய சோதனைப் பட்டியலிலேயே அது இருக்கவேண்டும். தகுதியுள்ளவர்களுக்குத் தடுப்பூசியும் டயாலிசிஸ் காலத்திலேயே போடப்படவேண்டும். மாற்றிய பிறகு போட்டால் எதிர்ப்பாற்றல் குறைவாகவே எழுகிறது.