மருத்துவமனைக் கப்பலில் தன்னார்வலராகப் போக முடியுமா? பவானிபூரிலிருந்து 3 மணி நேரத்தில் இருக்கும் படகு கிளினிக்குகள்: முழு விவரம்

கப்பலுக்குள்ளேயே ஆபரேஷன் தியேட்டர், வார்டு, ஸ்கேன் எல்லாம் வைத்துக்கொண்டு, டாக்டர் கிடைக்காத ஊர்களுக்குப் போய் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைக் கப்பல்களின் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நீங்கள் டாக்டரோ, நர்ஸோ, லேப் டெக்னீஷியனோ என்றால், "நாமும் ஒரு தடவை போயிட்டு வரலாமே" என்று தோன்றியிருக்கும்.

போகலாம். ஆனால் எந்தக் கப்பலுக்கு, எத்தனை நாளுக்கு என்பதை முதலில் யோசிக்க வேண்டும். கொல்கத்தாவில் வேலை பார்க்கும் தமிழ் மருத்துவப் பணியாளர்கள் இதற்காக ஆப்பிரிக்கா வரைதான் போக வேண்டும் என்றில்லை. பவானிபூரிலிருந்து ரயில், ஆட்டோ, படகு என்று மாறி மாறிப் போனால் சுமார் 3 மணி நேரத்தில் சுந்தரவனத் தீவுகள் வந்துவிடும். அங்கேயும் படகில்தான் டாக்டர் வருகிறார்.

பெரிய கப்பல் என்றால் எது?

உலகம் முழுக்கப் பெயர் தெரிந்தது மெர்சி ஷிப்ஸ். 1978-ல் டான் ஸ்டீபன்ஸ், டியான் ஸ்டீபன்ஸ் தம்பதி தொடங்கிய கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு இது. கொல்கத்தாவில் அன்னை தெரசாவைச் சந்தித்ததும் தனக்கு ஒரு உந்துதல் என்று டான் ஸ்டீபன்ஸ் சொல்லியிருக்கிறார். அவர்களின் முதல் கப்பல் 'அனஸ்டாசிஸ்'. அது ஒரு காலத்தில் 'விக்டோரியா' என்ற பெயரில் இத்தாலிக்கும் பம்பாய்க்கும் ஓடிய பயணிகள் கப்பல். கடைசியில் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு வந்துதான் உடைபட்டது.

இப்போது ஓடும் 'குளோபல் மெர்சி' 174 மீட்டர் நீளம், 12 தளங்கள், 6 ஆபரேஷன் தியேட்டர்கள் கொண்டது. இதை மருத்துவமனைக்கென்றே கட்டினார்கள். கூடவே ஓடும் 'ஆப்பிரிக்கா மெர்சி' பழைய டென்மார்க் ரயில் படகை மாற்றி அமைத்தது. செனகல், சியரா லியோன், மடகாஸ்கர் மாதிரி நாடுகளின் துறைமுகங்களில் மாதக்கணக்கில் நின்று, கட்டிகள், பிளவுபட்ட உதடு, வளைந்த கால், கண்புரை போன்றவற்றுக்கு அறுவை சிகிச்சை செய்கிறார்கள்.

இலங்கை வாசகர்களில் மூத்தவர்களுக்கு இன்னொரு கப்பல் ஞாபகம் இருக்கலாம். அமெரிக்காவின் 'ஹோப்' மருத்துவமனைக் கப்பல் 1968-69-ல் கொழும்புக்கு வந்து நின்றது.

சம்பளம் உண்டா?

கிடையாது. மெர்சி ஷிப்ஸில் பெரும்பாலான தன்னார்வலர்கள் விமான டிக்கெட்டைத் தாங்களே போட்டுக்கொள்வதோடு, கப்பலில் தங்க, சாப்பிட ஒரு கட்டணமும் கட்ட வேண்டும். நிறைய பேர் நண்பர்கள், உறவினர்களிடம் நிதி திரட்டித்தான் போகிறார்கள். படிப்பு முடித்த உடனே சேர முடியாது, சில வருட அனுபவம் கேட்பார்கள். அறுவை சிகிச்சை நிபுணர்கள் சில வாரங்களுக்குப் போய் வரலாம். வார்டு நர்ஸ் என்றால் கூடுதல் காலம் எதிர்பார்க்கிறார்கள். ஆறு வாரம் லீவு கேட்டால் உங்கள் மருத்துவமனை என்ன சொல்லும் என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

மேற்கு ஆப்பிரிக்கா போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அதன் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். சான்றிதழ் இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து இந்தியா திரும்பினால் தனிமைப்படுத்திவிடுவார்கள். கொல்கத்தாவில் அகில இந்திய சுகாதாரம் மற்றும் பொது நலக் கல்வி நிறுவனத்திலும், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் போடுகிறார்கள். டிக்கெட் போட்ட பிறகு ஊசிக்கு அலையாதீர்கள்.

சரி, பக்கத்தில் இருக்கும் படகு?

இந்தியப் பகுதி சுந்தரவனத்தில் 102 தீவுகள், அதில் 54-ல் மக்கள் வசிக்கிறார்கள். தீவுகளையும் கரையோரப் பகுதிகளையும் சேர்த்து 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். பாலிகஞ்சில் கேனிங் லோக்கல் ஏறி, கேனிங்கில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் கோத்காளி படித்துறைக்குப் போய், ஆற்றைக் கடந்தால் கோசாபா. ஆரோக்கியமான ஒருவருக்கே இது அரை நாள் வேலை. பிரசவ வலியோடு ராத்திரியில் இதே வழியில் எதிர்த்திசையில் வருவதை யோசித்துப் பாருங்கள். பவானிபூர் ஓரத்தில் இருக்கும் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனைக்கு, ஊர்க்காரர்கள் வாயில் 'பி.ஜி.', இப்படி ரெஃபர் ஆகி வருகிறவர்கள் நிறைய.

இந்த இடைவெளியில்தான் படகு கிளினிக் வந்தது. தெற்கு 24 பர்கானா மாவட்டம் பாங்கரைச் சேர்ந்த சதர்ன் ஹெல்த் இம்ப்ரூவ்மென்ட் சமிதி, காசநோய் ஒழிப்பு வேலையில் தொடங்கி, தீவுகளுக்குப் படகு டிஸ்பென்சரிகளையும் அனுப்பியது. கொல்கத்தாவைப் பற்றி 'சிட்டி ஆஃப் ஜாய்' எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் தோமினிக் லாப்பியேர் இந்தப் படகுகளுக்கு நிதி கொடுத்து உதவினார். அசாமில் பிரம்மபுத்திரா தீவுகளுக்கு 2005-ல் திப்ருகரில் 'அகா' என்ற படகோடு இதே மாதிரி திட்டம் தொடங்கி, பின்னர் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தோடு சேர்ந்து பல மாவட்டங்களுக்குப் பரவியது. அகா என்றால் அசாமியில் நம்பிக்கை.

இவற்றில் பெரிய ஆபரேஷன் எதுவும் நடக்காது. பிரஷர், சுகர், கர்ப்பிணிப் பரிசோதனை, தடுப்பூசி, தோல் நோய், இருமல். வீடியோவில் அழகாகத் தெரியாத வேலைதான். ஆனால் பிரஷர் மாத்திரை தீர்ந்துபோய் இரண்டு மாதம் சும்மா இருந்த ஒருவருக்குப் பக்கவாதம் வந்தால், பி.ஜி. வரை தூக்கி வந்தும் பழைய நிலை திரும்புவது கஷ்டம். அந்த மாத்திரையைத் தடங்கல் இல்லாமல் கொடுப்பதற்குத்தான் படகு.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகலாமா?

இங்கேதான் நகரத்து ஆட்கள் கணக்கு தப்பும். சுந்தரவனத்தில் நேரத்தை முடிவு செய்வது கடிகாரம் இல்லை, ஆறு. 'ஜோவார்' என்றால் ஏற்றம், 'பாட்டா' என்றால் வற்றம். ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்கும். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்த ஞாயிறு காலை 9 மணிக்குத் தண்ணீர் நிறைந்து படகு படித்துறையை ஒட்டி நின்றால், அடுத்த ஞாயிறு அதே 9 மணிக்குத் தண்ணீர் கிட்டத்தட்ட அடிமட்டத்தில் இருக்கும். நோயாளிகள் முழங்கால் சேற்றில் இறங்கி வர வேண்டும், வயதானவர்கள் வரவே மாட்டார்கள். இரண்டு வாரம் கழித்தால் ஓதம் ஏறக்குறைய பழைய நேரத்துக்கே திரும்பிவிடும். அதனால் 15 நாளுக்கு ஒரு முறை என்று ஒப்புக்கொள்வது வாரா வாரம் வருகிறேன் என்று சொல்லி விட்டுவிடுவதைவிட எவ்வளவோ மேல். தேதியைப் படகோட்டியிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், உங்கள் டியூட்டி ரோஸ்டரைப் பார்த்து இல்லை.

மே மாதத்தையும் மனதில் வையுங்கள். அய்லா 2009 மே 25, அம்பான் 2020 மே 20, யாஸ் 2021 மே 26. மூன்றும் ஒரே மாதத்தின் பிற்பகுதியில்தான் வந்தன. புயல் முடிந்து உப்புத் தண்ணீர் குளங்களில் புகுந்த பிறகு வயிற்றுப்போக்கு, தோல் நோய்க்கு ஆள் தேவைப்படும். ஆனால் அழைப்பு இல்லாமல் நீங்களாகப் போய் நின்றால், உங்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் தேடுவதே அங்கிருப்பவர்களுக்கு வேலையாகிவிடும்.

எது தெரிந்திருக்க வேண்டும்?

பாம்புக்கடி. தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் பழக்கம். சுந்தரவனத்தில் முக்கியமாகப் பயப்பட வேண்டியது கட்டுவிரியன், அங்கே 'காலாச்'. ராத்திரி தூங்கும்போது கடிக்கும். பல்தடம் தெரியாது, வீக்கம் இருக்காது, வலிகூட இருக்காது. விடியும்போது வயிற்று வலி. வங்காளத்தில் எந்த வயிற்று வலிக்கும் முதலில் சொல்லும் பெயர் 'கேஸ்'தான், அதற்கு ஒரு மாத்திரையும் கொடுத்துவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் இமை தொங்க ஆரம்பிக்கும், பிறகு மூச்சு. தரையில் படுத்துத் தூங்கிய ஒருவர் விடிகாலை வயிற்று வலியோடு வந்தால், இமையைப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். 'ஓஜா' எனப்படும் மந்திரவாதியிடம் போய் நேரம் வீணாவது இன்னும் நடக்கிறது. படகில் உங்கள் வேலை சீக்கிரம் கண்டுபிடித்து, விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் உள்ள இடத்துக்கு அனுப்பி வைப்பது.

அந்த விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தில் பெரும்பகுதி நம்ம ஊரிலிருந்துதான் போகிறது. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் விஷம் அது. தெற்கத்திப் பாம்பின் விஷத்தில் செய்த மருந்து வங்காளப் பாம்புக்கடிக்குச் சரியாக வேலை செய்யவில்லை என்ற புகார் மேற்கு வங்க மருத்துவர்களிடம் நீண்ட காலமாக உண்டு. தமிழ்நாட்டில் பழகிய கணக்கை அப்படியே இங்கே போடாதீர்கள். மேற்கு வங்க அரசின் வழிமுறையைப் படித்துவிட்டுப் போங்கள்.

பதிவு, மொழி, மருந்து

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்த டாக்டர் என்றால், முகாமில் உட்காரும் முன் மேற்கு வங்க மருத்துவக் கவுன்சிலில் பதிவு தேவையா என்று எழுதிக் கேட்டு பதில் வாங்கிக்கொள்ளுங்கள். நர்ஸ்களுக்கும் மாநில நர்சிங் கவுன்சில் விஷயத்தில் இதேதான். உங்கள் தொழில்முறைக் காப்பீடு மருத்துவமனைக்கு வெளியே செய்யும் வேலைக்கும் பொருந்துமா என்று பாலிசியைப் பாருங்கள். இலவச சேவை என்பதால் சட்டப் பொறுப்பு தானாகப் போய்விடாது.

மொழிக்கு, "கொத்தாய் பேதா?" என்று தொடங்கினால் போதும், "எங்கே வலி?" என்று அர்த்தம். பதிலைப் புரிந்துகொள்ள ஆஷா பணியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டில் யார் மாத்திரையைப் பாதியில் நிறுத்தினார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

சாம்பிள் மாத்திரைகளை மூட்டை கட்டிக்கொண்டு போகிற பழக்கம் வேண்டாம். இன்று ஒரு பிராண்ட், அடுத்த தடவை வேறு நிறம் என்றால் நோயாளி இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவார். படகில் எப்போதும் இருக்கும் மருந்துப் பட்டியலைக் கேட்டு வாங்கி, அதிலிருந்தே எழுதுங்கள். நேரில் பார்த்த நோயாளிக்கு அதே மருந்தைத் தொடர வீடியோ வழியாக எழுதித் தர 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல்கள் அனுமதிக்கின்றன. பவானிபூரில் நைட் டியூட்டி முடித்த காலையிலும் இதைச் செய்யலாம்.

இந்தப் படகுகளில் தினசரி வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் சம்பளத்துக்கு இருக்கும் நிரந்தர ஊழியர்கள். வெளியிலிருந்து அவர்களுக்குத் தேவைப்படுவது பொதுவாக கண், பல், மகப்பேறு, தோல் நிபுணர்கள். எம்.பி.பி.எஸ். மட்டும் என்றாலோ, நர்ஸ் என்றாலோ, அமைப்புக்கு எழுதும்போது "எது வேண்டுமானாலும் செய்கிறேன்" என்று எழுதாமல், மாதத்தில் எந்த இரண்டு நாள், எத்தனை மாதத்துக்கு என்று எழுதுங்கள். பதில் வரத் தாமதமானால் திரும்ப ஒரு தடவை கேளுங்கள். படகு வெளியே இருக்கும் நாளில் அங்கே சிக்னல் சரியாக இருக்காது.