கொல்லிமலை வளைவும் ஒரு எர்த்து ஒயரும்

சேந்தமங்கலத்திலிருந்து காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறினால் சோளக்காடு போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். இருட்டின பிறகு பழைய 6 வோல்ட் புல்லட்டில் அந்த வழியே இறங்கியவர்கள் கவனித்திருக்கலாம். ஹேண்டிலை முழுசா ஒடிக்கிற இடத்தில் லைட் ஒரு நொடி மங்கும், நிமிர்த்தினதும் திரும்ப வரும். வெளிச்சம் ரொம்பத் தேவைப்படுவதே வளைவில்தான். அங்கேதான் அது கைவிடும்.

எங்க மாமா வண்டியில் இந்தக் கோளாறு வந்தபோது பேட்டரி மாற்றினார்கள், பல்பு மாற்றினார்கள், சுவிட்சைக் கழற்றிப் போட்டார்கள். கடைசியில் எர்த்து. அந்த எர்த்து நம் வண்டிக்குள் எப்படி வந்தது என்று தேடப் போய்த்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெயரே விசித்திரம். ரப்பர் டயரில் நிற்கும் வண்டிக்கும் பூமிக்கும் என்ன தொடர்பு? பெயர் வந்தது தந்தியிலிருந்து. 1838-இல் ஜெர்மனியில் கார்ல் ஆகஸ்ட் ஸ்டைன்ஹைல் என்பவர் நூரெம்பெர்க்–ஃபூர்த் ரயில் தண்டவாளங்கள் இரண்டையும் தந்திக்கு இரண்டு ஒயர்களாகப் பயன்படுத்திப் பார்த்தார். சரிப்படவில்லை. ஒரு தண்டவாளத்தில் விட்ட மின்சாரம் மண் வழியாகவே மற்றதற்குப் போய்விட்டது. தோல்விதான், ஆனால் அதிலிருந்து அவர் பிடித்துக்கொண்ட விஷயம் பெரியது: மின்சாரம் திரும்பி வர மண்ணே போதும் என்றால் இரண்டாவது ஒயர் எதற்கு? தந்திக் கம்பிச் செலவில் பாதி மிச்சம்.

அதே சிக்கனம் வண்டிக்கும் வந்தது, மண்ணுக்குப் பதில் இரும்பு. ஆரம்பகால மோட்டார் சைக்கிள்களில் விளக்கு பெரும்பாலும் கார்பைடு விளக்கு. அதற்கு ஒயரே தேவையில்லை. மேக்னெட்டோவிலிருந்து பிளக்குக்கு ஒரே ஒரு ஒயர் போகும். திரும்பும் வழி பிளக்கின் மறை, இன்ஜின் உடம்பு. பிறகு மின்விளக்கு வந்தபோதும் பழைய பழக்கத்தை விடவில்லை. சேசிஸையே இரண்டாவது ஒயராக வைத்துக்கொண்டார்கள். இதில் தவறு ஒன்றும் இல்லை. இரும்பு செம்பைவிட மோசமான கடத்திதான், ஆனால் சேசிஸ் குழாய் அவ்வளவு தடிமன் என்பதால் அது பிரச்சினையே இல்லை. பிரச்சினை எல்லாம் இணைப்புகளில்.

1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. இந்திய ராணுவம் புல்லட் கேட்டதுதான் அதற்குப் பின்னணி. திருவொற்றியூரில் முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள், பிறகு பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். இங்கிலாந்துக் கம்பெனி மூடப்பட்ட பிறகும் இங்கே புல்லட் ஓடிக்கொண்டிருந்தது. அதாவது 1950-களின் பிரிட்டிஷ் ஒயரிங் வழக்கம் நம் ஊரில் அதன் சொந்த ஊரைவிட நீண்ட காலம் வாழ்ந்தது.

அந்த வழக்கத்தில் ஹெட்லைட்டின் மின்சாரம் எப்படித் திரும்புகிறது? விளக்கு முன் ஃபோர்க்கோடு சேர்ந்தது. ஃபோர்க் சேசிஸைத் தொடும் இடம் கோன் செட். கிரீஸில் முங்கிக் கிடக்கும் சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள்! கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாது; குண்டு அழுந்தும் புள்ளிகளில்தான் வழி. ஹேண்டில் திரும்பும்போது அந்தப் புள்ளிகள் மாறும். கொஞ்சம் மின்சாரம் கிளட்ச், பிரேக் கேபிள் வழியாகவும் தப்பித்துப் போகும்.

இதோடு கணக்கைச் சேர்த்துப் பாருங்க. 35 வாட் பல்பு 6 வோல்ட்டில் கிட்டத்தட்ட 6 ஆம்பியர் இழுக்கும். எர்த்துப் பாதையில் வெறும் 0.2 ஓம் தடை இருந்தாலே ஏறக்குறைய ஒரு வோல்ட் அங்கேயே போய்விடும். பல்புக்கு மிஞ்சுவது 5. ஆறில் ஒரு பங்குதானே என்று விட முடியாது. இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும். மிஞ்சுவது ஏறக்குறைய பாதி வெளிச்சம். அதே 0.2 ஓம் 12 வோல்ட் வண்டியில் இருந்தால் நஷ்டம் சுமார் 15 சதவீதம்தான், கண்ணுக்கே தெரியாது. பிரிட்டிஷ் வண்டிக்காரர்கள் லூகாஸ் கம்பெனியை ‘இருளின் இளவரசன்’ என்று கிண்டல் செய்வார்கள். அந்தக் கெட்ட பெயரில் பாதி துருப்பிடித்த எர்த்துக்குச் சேர வேண்டியது என்பது என் எண்ணம்.

மாமா வண்டிக்கு இன்னொரு வினையும் இருந்தது. புதுசு போல ஆக்குகிறேன் என்று சேசிஸ், ஃபோர்க் எல்லாவற்றுக்கும் பவுடர் கோட்டிங் போட்டிருந்தார். பார்க்க அழகு, ஆனால் அது நல்ல மின்காப்பு. போல்ட் முடுக்கும் இடத்தில்கூட இரும்பு இரும்பைத் தொடவில்லை.

கண்டுபிடிப்பது சுலபம். லைட்டைப் போட்டுவிட்டு மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் எர்த்து டெர்மினலில், மறுமுனை பல்பு ஹோல்டர் உலோகத்தில். காட்டும் வோல்ட் முழுக்க வீண். ஓம் அளந்து ஏமாறாதீர்கள். மீட்டர் விடும் துளி மின்சாரத்துக்கு மோசமான இணைப்பும் நல்லதாகத்தான் தெரியும். பிறகு அதே இரண்டு இடத்துக்கும் நடுவே ஒரு தனி ஒயரைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைத் திருப்புங்கள். லைட் அசையாமல் எரிந்தால் குற்றவாளி எர்த்து. அப்போதும் மங்கினால், கழுத்தருகே மற்ற ஒயர் ஏதோ தோலுக்குள்ளேயே அறுந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பிரிட்டிஷ் வண்டிகளில் ஒரு காலத்தில் பாசிட்டிவ்தான் எர்த்து. துருவும் பிளக் தேய்மானமும் குறையும் என்று நம்பினார்கள். டிரான்சிஸ்டர் சாமான்கள் வந்த பிறகு நெகட்டிவுக்கு மாறினார்கள். பழைய வண்டியில் எந்த முனை சேசிஸுக்குப் போகிறது என்று பார்க்காமல் எலக்ட்ரானிக் சாமான் எதையும் மாட்டினால் புகைதான்.

வைத்தியம்: ஹெட்லைட் ஹோல்டரிலிருந்து ஒன்று, இன்ஜினிலிருந்து ஒன்று, சேசிஸிலிருந்து ஒன்று, மூன்றும் நேராக பேட்டரி எர்த்து முனைக்கு. 2.5 சதுர மில்லிமீட்டர், பல இழை ஒயர். வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக் கம்பி வேண்டாம், அதிர்வில் ஒடியும். லக்கு உட்காரும் இடத்தில் பெயிண்ட்டை உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, பல் வாஷர் போட்டு முடுக்கி, மேலே கொஞ்சம் வாசலின். பவுடர் கோட்டிங்கைச் சுரண்டும்போது மாமா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கழுத்தருகே ஒயரைத் தளர்வாக விட்டு, ஹேண்டிலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் முழுக்க ஒடித்துப் பார்த்த பிறகுதான் கட்ட வேண்டும். முதல் தடவை நான் இழுத்துக் கட்டிவிட்டேன். வலது பக்கம் ஒடித்ததும் லக்கு கையோடு வந்தது.