மணி அடிக்கும் கயிறும் கல்கத்தா பேராசிரியரும்

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் ஃபிளாட்டுகளில் என்னென்ன சேட்டை நடக்கும் என்று பிள்ளை வளர்ப்பவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதில் ஒன்று, வாசலில் நூலைக் கட்டி வைத்து, வருகிறவர் காலில் தட்டினால் 'கீ' என்று அலற வைப்பது. "எப்பப் பார்த்தாலும் விளையாட்டு" என்று நாம் அதட்டுவோம். ஆனால் நான் பிழைக்க வந்திருக்கிற இந்தக் கொல்கத்தாவின் அறிவியல் வரலாற்றில் அந்த விளையாட்டுக்கு ஒரு கௌரவமான இடம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் சாமான் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். துணி காயப்போடும் கிளிப் ஒன்று. அதன் இரண்டு உதட்டிலும் சாப்பாடு கட்டும் அலுமினியத் தாளைச் சுற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு ஒயர். ஒரு ஒயர் 9 வோல்ட் பேட்டரிக்கு, இன்னொன்று பஸ்ஸருக்கு. பஸ்ஸரின் மறுமுனை பேட்டரிக்குத் திரும்புகிறது. உதடுகளுக்கு நடுவில் பழைய பிளாஸ்டிக் கார்டில் வெட்டிய ஒரு துண்டு. அந்தத் துண்டில் நூல். யாராவது நூலைத் தட்டினால் துண்டு உருவிக்கொண்டு வரும், உதடு இரண்டும் ஒட்டும், மின்சாரம் ஓடும், பஸ்ஸர் கத்தும். அவ்வளவுதான். இங்கே சாந்தினி சௌக் கடைகளில் பஸ்ஸர், பேட்டரி எல்லாம் சல்லிசாகக் கிடைக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. நூலைத் தட்டியவரின் கால் மணியை அடிக்கவில்லை. மணியை அடிப்பது பேட்டரி. கால் செய்தது, நடுவில் இருந்த தடையை எடுத்ததுதான். சின்ன அசைவு, பெரிய சத்தம். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆள் வந்தால், விலங்கு வந்தால் சத்தம் எழுப்பும் ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. தினைப்புனத்தில் கிளி ஓட்டிய பெண்கள் வைத்திருந்த தழல், தட்டை, குளிர் என்ற கருவிகளைக் குறிஞ்சிப்பாட்டு சொல்கிறது. மூன்றுமே சத்தம் போட்டு விரட்டும் சாமான்கள். காலி டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு, கயிறு கட்டி, கொல்லையின் கோடியிலிருந்து பரணுக்கு இழுத்து வைப்பதை ஊர்ப்பக்கம் பார்த்தவர்கள் உண்டு. பன்றி கயிற்றில் இடித்தால் டப்பா குலுங்கும், காவல்காரர் முழித்துக்கொள்வார். பன்றிக்கும் சேதமில்லை, பயிருக்கும் சேதமில்லை.

ஆனால் இதே கயிற்றின் மறுமுனையில் டப்பாவுக்குப் பதிலாக வேறு ஒன்றைக் கட்டினால்?

இங்கிலாந்தில் கட்டினார்கள். தோட்டத்திலும் வேட்டைக்காட்டிலும் கயிற்றைத் துப்பாக்கி விசையோடு இணைத்து வைத்தார்கள். அதற்கு 'ஸ்பிரிங் கன்' என்று பெயர். பிரிஸ்டல் பக்கம் டூலிப் பூந்தோட்டம் வைத்திருந்த ஒருவர், பூ திருடர்களுக்காக அப்படி ஒன்றை வைத்திருந்தார். 1825இல், தப்பி ஓடிய மயிலைப் பிடிக்க மதில் ஏறிக் குதித்த ஒரு இளைஞன் அதில் மாட்டிக் காலில் பலத்த காயம் பட்டான். தோட்டக்காரர் எச்சரிக்கைப் பலகைகூட வைக்காததால், 1828இல் தீர்ப்பு பையன் பக்கம் வந்தது. இதற்கு நடுவிலேயே, 1827இல், இரவில் வீட்டைக் காப்பதற்குத் தவிர இந்தத் துப்பாக்கிகளை வைக்கக் கூடாது என்று பாராளுமன்றம் சட்டம் போட்டுவிட்டது.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கதை" என்று விட முடியவில்லை. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, பன்றிக்காகச் சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. குட்டிகள் இரண்டு மட்டும் பிழைத்தன. கயிறும் கம்பியும் ஒன்றுதான். மறுமுனையில் மணியா, மரணமா என்பதில்தான் வித்தியாசம்.

சரி, கல்கத்தாவுக்கு வருவோம். (2001இல்தான் கொல்கத்தா ஆனது, அதனால் பழைய கதைக்குப் பழைய பெயர்.)

இந்த ஊருக்கும் மின்கம்பிக்கும் உள்ள உறவு 1839இல் தொடங்குகிறது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த வில்லியம் ஓ'ஷாக்னெஸ்ஸி, ஹூக்ளிக்கு அக்கரையில் சிப்பூர் தாவரவியல் பூங்காவில் மூங்கில் நட்டு 21 மைல் நீளத்துக்குக் கம்பியைச் சுற்றிச் சுற்றி இழுத்தார். தந்தி போகுமா என்று பார்க்கத்தான். செய்தி வந்து சேர்ந்ததை எப்படித் தெரிந்துகொண்டார் தெரியுமா? கம்பியைத் தொட்டுக்கொண்டு விரலில் ஷாக் அடிப்பதை வைத்து! இன்றைக்கு எந்தப் பையனாவது இப்படிச் செய்தால் முதுகில் நாலு வைப்போம். ஆனால் அந்த விரல்வழி தொடங்கியதுதான் பின்னால் வளர்ந்து, 1854இல் ஆக்ராவிலிருந்து கல்கத்தாவுக்கு 800 மைல் தூரம் தந்தி வந்தது. கம்பி இருந்தால் எவ்வளவு தூரமானாலும் மறுமுனையில் ஒன்றை அசைக்கலாம் என்று ஊருக்குப் புரிந்தது.

கம்பியே இல்லாமல்?

ஜகதீஷ் சந்திர போஸ் 1885இல் பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கச் சேர்ந்தார். இந்தியர் என்பதால் ஐரோப்பியரைவிடக் குறைந்த சம்பளம் என்றார்கள். "அப்படியானால் சம்பளமே வேண்டாம்" என்று மூன்று வருஷம் வாங்காமலே பாடம் நடத்தினார். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து முழுச் சம்பளத்தையும் பாக்கியோடு கொடுத்தது. ஆராய்ச்சிக்கூடம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சின்ன அறை, உதவிக்குப் படிப்பறிவில்லாத ஒரு தகரக் கொல்லர். அவரைப் பழக்கி, அவர் கையாலேயே கருவிகளைச் செய்துகொண்டார்.

ஹெர்ட்ஸ் கண்டுபிடித்த மின்காந்த அலைகளைப் பற்றி ஆலிவர் லாட்ஜ் எழுதியதை 1894 வாக்கில் படித்து, போஸும் அதில் இறங்கினார். மற்றவர்கள் நீண்ட அலைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, இவர் 5 மில்லிமீட்டர் அளவுக்குக் குட்டி அலைகளை உண்டாக்கினார். மேஜைமேல் வைத்து விளையாட வசதியாக இருக்கும் என்பதுதான் காரணம்.

1895இல் கல்கத்தாவில் பொதுமக்கள் முன் ஒரு செய்முறை காட்டினார். ஒரு அறையில் அலையை அனுப்பும் பெட்டி. சுமார் 23 மீட்டர் தள்ளி, நடுவில் சுவர்களைத் தாண்டி, வேறொரு அறையில் வாங்கும் கருவி. வழியில் தலைமை தாங்க வந்த லெப்டினன்ட் கவர்னர் உட்கார்ந்திருந்தார். அலை அவருடைய உடம்பையும் கடந்து போனது என்று போஸின் வாழ்க்கை வரலாற்றை 1920இல் எழுதிய பேட்ரிக் கெட்டீஸ் சொல்கிறார். மறு அறையில் மணி அடித்தது. வெடிமருந்து வெடித்தது. யாரும் தொடவில்லை, நூல் இல்லை, கம்பி இல்லை.

இப்போது நம்ம கிளிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். போஸின் கருவியில் கிளிப்பின் இடத்தில் இருந்தது, லேசாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் சின்னச் சின்ன எஃகுச் சுருள்கள். சும்மா இருக்கும்போது அந்தத் தொடுப்பு மின்சாரத்துக்குச் சரியாக வழி விடாது. அலை வந்து பட்டதும் தடை குறையும், மின்சாரம் பாயும். அந்த அதிகப்படி மின்சாரம் ரிலேயைத் தட்டும், ரிலே மணியை அடிக்கும். அலை மணியை அடிக்கவில்லை. மணியை அடித்தது அங்கேயே இருந்த பேட்டரி. அலை செய்தது தடையைக் குறைத்ததுதான். அதாவது கண்ணுக்குத் தெரியாத கயிறு, கண்ணுக்குத் தெரியாத கால்!

அதே 1895இல் ரஷ்யாவில் போப்போவ் இதே தத்துவத்தில் தூரத்து மின்னலுக்கு மணி அடிக்கும் கருவியைச் செய்தார். அதில் மணியின் சுத்தியலே திரும்பி வந்து குழாயைத் தட்டி, கருவியை அடுத்த மின்னலுக்குத் தயார்ப்படுத்தும். கம்பியில்லாத் தொழில்நுட்பம் உலகத்துக்கு முதலில் அறிமுகமானது பாட்டாக அல்ல, பேச்சாக அல்ல, 'யாரோ வந்திருக்கிறார்கள்' என்ற மணியாகத்தான்.

இங்கே ஒரு விஷயத்தை நேராகச் சொல்ல வேண்டும். "ரேடியோவைக் கண்டுபிடித்தது போஸ், மார்க்கோனி திருடிவிட்டார்" என்று வாட்ஸப்பில் சுற்றுகிறதே, பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்லித் தராதீர்கள். செய்தி அனுப்பும் தொழிலை உருவாக்க மார்க்கோனி பாடுபட்டார், அதற்கு 1896இல் உரிமமும் கேட்டார். போஸுக்கு அதில் நாட்டமில்லை. அந்த அலைகள் ஒளியைப் போலவே நடந்துகொள்கின்றனவா என்பதே அவருடைய கேள்வி. அதற்காக முறுக்கிய சணலை வைத்து அலையைத் திருப்பிப் பார்த்தார். பிராட்ஷா ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே ஈயத்தாளை வைத்து அலையை வடிகட்டினார். வங்காளத்துச் சணல், ரயில் அட்டவணை, தகரக் கொல்லர்! ஒரு கருவிக்கு 1904இல் அமெரிக்க உரிமம் கிடைத்ததும் நண்பர்களின் வற்புறுத்தலால்தான். அதையும் அவர் பணமாக்கவில்லை. 1901இல் மார்க்கோனி அட்லாண்டிக் தாண்டிய சமிக்ஞையைக் கேட்ட கருவி, போஸ் 1899இல் வெளியிட்ட இரும்பு-பாதரசக் கருவியிலிருந்து வந்தது என்று 1998இல் ஓர் ஆய்வாளர் விரிவாக வாதாடினார். போஸுக்குச் சேர வேண்டிய பெருமைக்கு இவ்வளவு உண்மையே போதும், பொய் கலக்கத் தேவையில்லை. பிரசிடென்சியில் 2012இல் மின்பொறியாளர்களின் சர்வதேச அமைப்பு வைத்த பலகையும் அந்த மணியையும் வெடிமருந்தையும்தான் குறிப்பிடுகிறது.

மனிதர் குறும்புக்காரர் என்பதற்கு இன்னொரு சாட்சி. 1896இல் 'குந்தளின்' என்ற கூந்தல் தைலக் கம்பெனி ஒரு கதைப் போட்டி வைத்தது. கதையில் தைலத்தின் பெயர் வர வேண்டும் என்பது நிபந்தனை. பெயர் போடாமல் வந்த ஒரு கதைக்குப் பரிசு கிடைத்தது. கல்கத்தாவைத் தாக்கப்போவதாக வானிலைத் துறை பயமுறுத்திய புயல் வராமலே போகிறது. ஏன்? நடுக்கடலில் கப்பலில் போன ஒருவர் ஒரு பாட்டில் தைலத்தை அலையில் ஊற்றிவிட்டாராம்! எழுதியவர் நம்ம போஸ்தான். வங்காளத்தின் ஆரம்பகால அறிவியல் புனைகதைகளில் ஒன்றாக இன்று அதைப் படிக்கிறார்கள்.

மந்திரவாதியும் சுவருக்கு அப்பால் மணி அடிக்க வைப்பான். ஆனால் பெட்டியைத் திறந்து காட்டமாட்டான். போஸ் திறந்து காட்டினார், கட்டுரையாக எழுதினார், 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் எல்லார் முன்னாலும் செய்தார். சேட்டைக்கும் அறிவியலுக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: கடைசியில் பெட்டியைத் திறப்பது.

அதனால் பெற்றோர்களே, பிள்ளைகள் நூல் கட்டினால் அதட்டாதீர்கள். மூன்று நிபந்தனை மட்டும் போடுங்கள். ஒன்று, தட்டினால் அறுந்துபோகும் மெல்லிய தையல் நூல்தான், மாடிப்படியிலும் தாத்தா பாட்டி நடக்கும் வழியிலும் கட்டக் கூடாது. இரண்டு, பேட்டரி மட்டும், சுவர் பிளக் பக்கமே போகக் கூடாது, வெடிமருந்தைப் பேராசிரியருக்கே விட்டுவிடலாம். மூன்று, யார் பயந்தாரோ அவரை உட்கார வைத்து, கிளிப்பைத் திறந்து, எப்படி அடித்தது என்று பிள்ளையே விளக்க வேண்டும். கொல்கத்தாவில் இருப்பவர்கள், 1917இல் அவர் நிறுவிய போஸ் இன்ஸ்டிட்யூட் ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ரோட்டில் இருக்கிறது என்பதையும் காட்டுங்கள்.

உங்கள் ஊர்ப்பக்கம் கொல்லையில் என்ன கட்டுவார்கள்? டப்பாவா, மணியா, வேறு ஏதாவதா? பின்னூட்டத்தில் எழுதுங்கள், நம்ம பிள்ளைகளுக்குச் சொல்ல உதவும்.