25 டாலர் பங்கு, டிவிடெண்ட்: சனிக்கிரகம்

ஒரு கம்பெனியில் பங்கு வாங்கினால் என்ன கிடைக்கும்? லாபம் வந்தால் டிவிடெண்ட். கூட்டத்தில் ஓட்டுப் போடும் உரிமை. வருடத்துக்கு ஒருமுறை வழவழ தாளில் ஓர் ஆண்டறிக்கை. பி.காம் படிக்கிற எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இவ்வளவுதான். ஆனால் 1842ல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் விற்ற ஒரு பங்குக்குப் பண லாபம் எதுவும் கிடையாது. 25 டாலர் கொடுத்தவருக்குக் கிடைத்த உரிமை, ராத்திரியில் ஒரு குன்றின்மேல் ஏறிப்போய்த் தொலைநோக்கியில் கண் வைத்து வானத்தைப் பார்க்கலாம் என்பது!

இன்று பல பல்கலைக்கழக வானாய்வகங்களில் மாதத்தில் சில இரவுகள் பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள். விஞ்ஞானிகள் பெரிய மனசு பண்ணி நமக்கு அவர்களுடைய கருவியைக் காட்டுகிறார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். சின்சினாட்டியின் கதை இதற்கு நேர் எதிர். அங்கே கருவி முதலில் ஊர்க்காரர்களுடையது. பல்கலைக்கழகம் பிறகுதான் வந்தது.

சரி, கதைக்கு வருவோம். ஓர்ம்ஸ்பி மிட்செல் என்று ஒரு பேராசிரியர். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் படித்துவிட்டு சின்சினாட்டி கல்லூரியில் கணக்கும் வானவியலும் நடத்திக்கொண்டிருந்தார். 1842ல் பொதுமக்களுக்காக வானவியல் சொற்பொழிவுகள் ஆரம்பித்தார். முதலில் கூட்டம் குறைவு. போகப் போக இடம் போதாமல், கடைசிச் சொற்பொழிவை ஒரு பெரிய தேவாலயத்தில் வைக்க வேண்டியதாயிற்று. அந்தக் கூட்டத்தின் முன்னால்தான் தன் திட்டத்தைச் சொன்னார்: நம் ஊருக்கு ஒரு வானாய்வகம் வேண்டும், அரசாங்கத்திடம் கேட்கப்போவதில்லை, நாமே கட்டுவோம்.

300 பங்குகள், ஒன்று 25 டாலர், மொத்தம் 7,500 டாலர். கூலிக்காரர் ஒருவர் நாள் முழுக்க உழைத்தால் ஏறத்தாழ ஒரு டாலர் கிடைத்த காலம் அது. அதாவது ஒரு பங்கு என்பது கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம். அப்படியும் மனுஷன் வீடு வீடாக, கடை கடையாக ஏறி இறங்கி விற்றுவிட்டார். வாங்கியவர்களில் வக்கீல், டாக்டர் மட்டுமல்ல. மளிகைக் கடைக்காரர், தச்சர், பன்றி இறைச்சி வியாபாரி எல்லாரும் உண்டு. (பன்றி இறைச்சி வியாபாரத்தால் 'போர்க்கோபோலிஸ்' என்றே பட்டப்பெயர் வாங்கிய ஊர் அது!)

பிறகு ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். ஜெர்மனியின் மியூனிக் நகரில் மெர்ஸ் அண்ட் மாலர் பட்டறையில் சுமார் 11 அங்குல லென்ஸ் ஒன்று கண்ணில் பட்டது. தொலைநோக்கியின் விலை 9,000 டாலருக்கும் மேல். கையில் இருப்பதாகச் சொன்ன பணத்தைவிட அதிகம். 'இருப்பதாகச் சொன்ன' என்று எழுதக் காரணம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாரும் இன்னும் பணம் கட்டவில்லை! கணக்குப் பாடத்தில் இதைத்தான் 'வராத அழைப்புத் தொகை' என்று படிக்கிறோம். அப்படியும் துணிந்து ஆர்டர் கொடுத்தார்.

நிலத்தை நிக்கோலஸ் லாங்வொர்த் என்ற பணக்காரர் நன்கொடையாகத் தந்தார். 1843 நவம்பர் 9ல் அடிக்கல் நாட்ட வந்தவர் முன்னாள் ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ். வயது 76. அவர் வந்ததற்கு ஒரு பழைய கதை உண்டு. 1825ல் ஜனாதிபதியாக இருந்தபோது, ஐரோப்பாவில் நூற்றுக்கும் மேல் வானாய்வகங்கள் இருக்க நம்மிடம் ஒன்றுகூட இல்லையே என்று அவர் காங்கிரஸிடம் ஆதங்கப்பட்டார். வானாய்வகங்களை வானத்துக் கலங்கரை விளக்கங்கள் என்றார். எதிரிகள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் கேலி செய்தார்கள். அரசாங்கம் செய்யாததை ஒரு வியாபார ஊர் சொந்தக் காசில் செய்கிறது என்றதும் கிழவர் ரயிலிலும் படகிலும் அலைந்து வந்து சேர்ந்தார். அன்று கொட்டும் மழை. பேச்சை மறுநாள் வைத்துக்கொண்டார்கள். அந்தக் குன்றுக்கு இன்றுவரை ஆடம்ஸ் குன்று என்றுதான் பெயர்.

கட்டுமானத்துக்குக் காசில்லை. குன்றிலேயே கல் வெட்டி, அங்கேயே சுண்ணாம்பு சுட்டார்கள். வேலை செய்தவர்களில் சிலர் கூலியின் ஒரு பகுதியைப் பங்காக வாங்கிக்கொண்டார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். சுவர் எழுப்பிய கொத்தனாரும் அந்தத் தொலைநோக்கியின் முதலாளிகளில் ஒருவர்!

1845 ஏப்ரலில் தொலைநோக்கி வேலை செய்ய ஆரம்பித்தது. அமெரிக்காவிலேயே அப்போது அதுதான் பெரியது. பிரச்சினையும் அப்போதுதான் ஆரம்பித்தது. மிட்செல் இரட்டை நட்சத்திரங்களை அளக்க விரும்பினார். அதற்கு மணிக்கணக்கில் தொந்தரவில்லாத இரவு வேண்டும். ஆனால் சாயங்காலமானால் பங்குதாரர்கள் குடும்பத்தோடு வந்து நிற்பார்கள். தொலைநோக்கியில் ஒரு நேரத்தில் ஒரு கண்தான் வைக்க முடியும். ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் மணிக்கு 20 பேர். 300 பேருக்கு 15 மணி நேரம். குடும்பத்தையும் சேர்த்தால் எத்தனை இரவு? அதுவும் மேகம் இல்லாத இரவு! ஆராய்ச்சிக்குக் கிடைத்தது மிச்ச நேரம்தான்.

மிட்செலுக்கு இதில் சம்பளமும் இல்லை. பத்து வருடம் இலவசமாக இயக்குநராக இருப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். கல்லூரிச் சம்பளம் இருக்கிற தைரியம். 1845 ஜனவரியில் அந்தக் கல்லூரி தீப்பிடித்து எரிந்துபோனது. பிறகு ஊர் ஊராகச் சொற்பொழிவு, ரயில்பாதை இன்ஜினியர் வேலை என்று பிழைப்பு ஓடியது. கடைசியில் உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்புத் தளபதியாகப் போய், 1862ல் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார்.

இதே காலத்தில் ஹார்வர்டும் அதே மியூனிக் பட்டறையில் 15 அங்குலத் தொலைநோக்கி வாங்கியது. 1847ல் அது வேலைக்கு வந்தது. ஆராய்ச்சியில் ஹார்வர்டு எங்கேயோ போய்விட்டது. சின்சினாட்டி போகவில்லை. பொதுமக்களுக்குக் கொடுத்த வாக்கு ஆராய்ச்சியைத் தின்றுவிட்டது என்று சொல்பவர்களை என்னால் முழுக்க மறுக்க முடியாது.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்கணும் இல்லையா? 1870களில் வானாய்வகம் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. நகரத்துப் புகை தாங்காமல் 1873ல் ஊருக்கு வெளியே வேறொரு குன்றுக்கு மாறியது. ஆடம்ஸ் வைத்த அடிக்கல்லையும் கொண்டுபோனார்கள். 1904ல் புதிய 16 அங்குலத் தொலைநோக்கி வந்தது. நூற்றாண்டின் கடைசியில் ஆராய்ச்சிக்கு இரண்டுமே பழசு. வெறும் ஆராய்ச்சிக் கருவி என்றால் அத்தோடு கதை முடிந்திருக்கும். முடியவில்லை. ஊர்க்காரர்கள் சேர்ந்து நின்றார்கள். 1999ல் அதை நடத்த லாப நோக்கமில்லாத அமைப்பு ஒன்று உருவானது. 1845ன் அதே லென்ஸ் வழியாக இன்றும் மக்கள் வரிசையில் நின்று சனியின் வளையத்தைப் பார்க்கிறார்கள்.

ஆராய்ச்சிக்கு வாங்கிய கருவிக்கு வயதாகும், அதைவிடப் பெரியது ஒன்று வந்ததும் மதிப்புக் குறையும். நாங்கள் இதைத் தேய்மானம் என்போம். முதல்முறை கண் வைத்துப் பார்க்கிறவருக்கு அந்தத் தேய்மானம் தெரிவதில்லை. சனி அவருக்குப் புதுசு. அதனால், அடுத்தமுறை ஏதாவது வானாய்வகத்தில் பொதுமக்களுக்கு அனுமதி என்று போர்டு பார்த்தால் தயங்காமல் போய் வரிசையில் நில்லுங்கள். அந்த வரிசையில் நிற்கிற உரிமைக்கு 1842லேயே சில தச்சர்களும் மளிகைக் கடைக்காரர்களும் காசு கட்டிவிட்டார்கள்.